எலினா கப்பலில் ஏறினாளா?

இந்த மலைத் தோட்டத்தில் பிறந்து, பிரிஞ்சாங் பட்டணத்தில் காய்கறி வணிகத்தால் பெயர் பெற்று, பெயர் பெற்ற பின்னும் நம்மை மறவாமல் தலைமை நாற்காலியில் அமர்ந்திருக்கும் பெருந்தகை நல்லுசாமி அவர்களே! கொழுந்துக் கூடை சுமந்த தோள்களால் குடும்பங்களையும் சுமந்த தாய்மார்களே! காட்டை வெட்டிக் கன்று நட்ட தலைமுறையின் மிச்சமாய் நம்மிடையே வீற்றிருக்கும் பெரியோர்களே! பாயோடு வந்து முன்வரிசையைப் பிடித்துக்கொண்ட பழைய ரசிகப் பெருமக்களே! உங்கள் யாவருக்கும் என் பணிவான வணக்கம்.

நான் பேச்சாளன் அல்லன். இந்தத் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். கரும்பலகை பின்னால் இருந்தால் எனக்குத் தைரியம் வரும். இங்கே பின்னால் வெறும் திரைச்சீலைதான் இருக்கிறது. என்ன, கேட்கவில்லையா? இதோ, ஒலிபெருக்கிக்குக் கிட்டே வந்துவிட்டேன்.

இன்று நாம் ஏன் கூடியிருக்கிறோம்? ஒரு பெட்டிக்குள் பார்த்த ஒரு கப்பலுக்காகக் கூடியிருக்கிறோம். கடலில் போகாத கப்பல், காற்றுக்கு அசையாத கப்பல், விண்மீன்களுக்கு நடுவே வழி தேடிய கப்பல்! பத்தாண்டுகளுக்கு முன்பு வாரந்தோறும் இதே மண்டபத்தில், கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியில் அந்தத் தொடரைப் பார்த்தோம். அதற்கு ஆங்கிலத்தில் ஒரு நீண்ட பெயர் உண்டு. நமக்கு அது கப்பல் நாடகம்.

நாடகம் ஆங்கிலம், கீழே ஓடிய எழுத்து மலாய், பார்த்த கண்கள் தமிழ். ஆகவே பெட்டியின் பக்கத்தில் நின்று தமிழில் சொல்லும் பொறுப்பை என்னிடம் கொடுத்தீர்கள். நான் நிதானமாகச் சொல்லுகிறவன். கப்பல் ஒரு கிரகத்தை விட்டுப் புறப்பட்டு அடுத்த கிரகத்தில் இறங்கிய பிறகும், முதல் கிரகத்தில் பேசிய பேச்சையே நான் சொல்லிக்கொண்டிருப்பேன். "சார், அவன் செத்தே போயிட்டான், நீங்க இன்னும் அவனப் பேச வைக்கிறீங்களே!" என்று பின்வரிசையிலிருந்து குரல் வரும். சிரிக்கிறீர்கள். அந்தக் குரலுக்கு உரியவர் கருப்பையா. அதோ, தூணோடு ஒட்டிக்கொண்டு முகத்தை மறைக்கிறார்.

கப்பலின் தலைவருக்கு, நம் தோட்டத்துப் பதவிகளை வைத்தே, நீங்கள் வைத்த பெயர் கப்பல் தொரை. இயந்திரம் பார்த்தவர் எஞ்சின் கிராணி. மூன்று கண்ணோடு வந்து மற்றவர்களை விரட்டியவனுக்கு, நம் ஆண்டியப்பன் கங்காணி கோபித்துக்கொள்ளக் கூடாது, கங்காணி என்றே பெயர்! அவர்கள் அட்டையில் சுவர் செய்திருந்தார்கள், நமக்குத் தெரியும். கறுப்புத் துணியில் ஓட்டை போட்டு விண்மீன் காட்டினார்கள், அதுவும் தெரியும். தெரிந்தும் நாம் நம்பவில்லையா? நம்பி அழவில்லையா? அழுதபின் லயத்து வீடுகளுக்கு நடந்து போகும்போது, பனி விலகிய இடத்தில் வானத்தை நின்று பார்க்கவில்லையா?

அந்தக் கப்பலில் எலினா என்றொரு பெண் இருந்தாள். வழி கணிக்கிறவள். கடைசிக்கு முந்தைய வாரம், ஆள் இல்லாத ஒரு கிரகத்தில் அவளை விட்டுவிட்டுக் கப்பல் தப்பிக்க வேண்டியதாயிற்று. தொரை அவளை மீட்கத் திரும்பி வருவாரா? வந்தால் அவள் ஏறுவாளா? அதோடு நிறுத்திவிட்டார்கள். அந்த ஒரு வாரம் இந்தத் தோட்டம் தூங்கவில்லை.

அடுத்த வாரம் என்ன நடந்தது? கொழுந்து குவிந்த பருவம். ஜெனரேட்டரின் மின்சாரம் முழுவதும் தேயிலை ஆலைக்குப் போய்விட்டது. பெட்டி இருண்டது. யாராவது பதறினீர்களா? இல்லை. மழை வந்து நின்ற கூத்தை, மறுநாள் நின்ற இடத்திலிருந்து ஆடிக் கொடுப்பதுதானே நம் வழக்கம்? "நாளைக்கு ஆடுவாங்க, வாங்க போலாம்" என்று பாயைச் சுருட்டிக்கொண்டு போனீர்கள். தொலைக்காட்சி அப்படிக் காத்திராது என்று நான் சொன்னேன். மெல்லிய குரலில் சொன்னேன். யாருக்கும் கேட்கவில்லை.

மறுநாள் மாலை மின்சாரம் வந்தது. மண்டபம் நிறைந்தது. பெட்டியில் ஒருவர் நெற்பயிரைத் தாக்கும் பூச்சிகளைப் பற்றி மலாயில் பேசிக்கொண்டிருந்தார். நெடுநேரம் பேசினார்.

"என்னா சார் இந்தாளு? கப்பல்ல ஏறவே மாட்டேங்குறாரு?" என்றார் வேலாயி அம்மா.

"வேசங்கட்ட நேரமாவும்லா. பேசாம உக்காருங்க" என்று அதட்டினார் ஆண்டியப்பன் கங்காணி.

உட்கார்ந்தோம். நானும் உட்கார்ந்தேன். பூச்சிகள் எல்லாம் ஒழிந்தன, ஒளிபரப்பை முடிக்கும் தேசிய கீதம் வந்தது, கப்பல் வரவில்லை.

தாய்மார்களே, பெரியோர்களே, இங்கே நான் சற்று நிறுத்த வேண்டும். அந்த முடிவுக்காக நாம் ஏன் அப்படித் தவித்தோம்? வெளியூர்க்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் நமக்குக் கப்பல் என்றால் என்ன? எழுபதாம் ஆண்டை மறந்தோமா? குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தவர்களுக்கு வேலை பெர்மிட் கிடைக்காமல், பெட்டி கட்டிக்கொண்டு பினாங்குத் துறைக்குப் போனார்களே, அவர்களை மறந்தோமா? ஒரே லயத்தில் ஒரு வீடு திறந்திருக்க, அடுத்த வீடு பூட்டிக் கிடந்ததே! வேலாயி அம்மாவின் தாய், தந்தை, தங்கை செல்லம்மா மூவரும் நாகப்பட்டினக் கப்பலில் ஏறினார்கள். வேலாயி அம்மாவுக்கு இங்கே கணவர், வயிற்றில் பிள்ளை. ஏணிப்படியில் நின்று அவர் தந்தை, "நீயும் வந்துரும்மா" என்று கையை நீட்டினாராம். இவருக்கு வாய் திறக்கவில்லை. கப்பல் போய்விட்டது.

அந்த ஆண்டு மாரியம்மன் திருவிழாவில், நாம் பார்க்க முடியாமல் போன கடைசிப் பகுதியை நாமே ஆடிவிடுவது என்று முடிவு செய்தோம். வசனம் எழுதும் வேலை எனக்கு. தேயிலைப் பெட்டிகளை அடுக்கினால் கப்பல். பெட்டிக்குள் ஒட்டும் வெள்ளித்தாளை உரித்துச் சுற்றினால் விண்வெளி உடை! எல்லாம் இருந்தது, எலினா இல்லை. பெண் வேடத்துக்குப் பெயர் பெற்ற கருப்பையா மறுத்துவிட்டார்.

"சேல கட்டச் சொல்லுங்க சார், கட்டுறேன். கால்சட்ட போட்ட பொம்பளயா எப்புடி சார் நடிக்கிறது? அதுக்கு நான் ஆம்பளயாவே நின்னுட்டுப் போறேன்!"

அப்போதுதான் வேலாயி அம்மா எழுந்தார். "புருசன் சட்டையும் பூட்சும் போட்டுத்தான் நெதம் மல ஏறுறேன். எனக்கென்ன வெக்கம்? குடுங்கண்ணே அந்தத் தாள."

கருப்பையா கப்பல் தொரை ஆனார். மேடையில் பெட்டிக் கப்பல் இறங்கியது. நான் எழுதிய வசனப்படி அவர் கையை நீட்டினார்: "ஏறு எலினா, பூமிக்குப் போவோம்!" எலினா ஓடி வந்து ஏற வேண்டும். ஏறவில்லை. நீட்டிய கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார், நான் எழுதாததைச் சொன்னார்:

"நீங்க போங்க தொர. இந்த மண்ணுல நான் நட்டது மொளச்சு நிக்கிது. பாக்க ஆளு வேணும்ல. நான் வரல. கோவிச்சுக்காம போயிட்டு வாங்க."

கருப்பையா திகைத்துப்போய், நான் நின்ற திரைப் பக்கம் திரும்பி, "சார், ஏற மாட்டேங்குதே, என்னா பண்றது?" என்று கேட்டது ஒலிபெருக்கி வழியாகக் கோயில் வளாகம் முழுவதும் கேட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. பிறகு அவரே, என்ன தோன்றிற்றோ, தோளிலிருந்த பையை இறக்கி, "அப்ப இந்தச் சாப்பாடாச்சும் வச்சிக்க தாயி" என்று தரையில் வைத்துவிட்டுக் கப்பலேறினார். அப்போது சிரித்தோம். சிரிக்கும்போதே அழுதோம். பினாங்குத் துறையில் வாய்க்குள் நின்றுபோன பதில், ஏழாண்டு கழித்து இந்த மேடையில் வெளியே வந்தது. எழுதியவன் நான் அல்லன்.

இப்போது இன்றைய சிக்கலுக்கு வருகிறேன். லாரி ஓட்டும் நம் விஜயன், ஈப்போவில் தேடி அலைந்து, அந்தத் தொடரின் கடைசிப் பகுதியை வீடியோ நாடாவில் கொண்டு வந்திருக்கிறார். அவரும் இன்னும் பார்க்கவில்லை. தலைவர் வண்ணத் தொலைக்காட்சியும் கொண்டு வந்து வைத்திருக்கிறார். ஆனால் நம் கப்பல் நாடக ரசிகர் மன்றம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. போடக் கூடாது என்கிறார்கள் பாதிப் பேர். அதில் எலினா ஏறிப் போய்விட்டால், நம் எலினா சொன்ன சொல் என்ன ஆவது? "வாத்தியாரு சொல்லட்டும்" என்று என் தலையில் வைத்துவிட்டார்கள்.

ஒரு வாரமாக யோசித்தேன். உண்மையைப் பார்க்க அஞ்சலாமா என்று ஒரு பக்கம் எழுதினேன். நாமே கட்டிய முடிவை நாமே இடிக்கலாமா என்று மறுபக்கம் எழுதினேன். கப்பலைச் செய்தவர்கள் அவர்கள், காத்திருந்தவர்கள் நாம். முடிவு யாருக்குச் சொந்தம்? படம் பிடித்தவருக்கா? பாய் விரித்தவருக்கா? கரையில் நின்றவருக்கா, கிளம்பிப் போனவருக்கா? எனக்கு விளங்கவில்லை. அவையோரே, என்னால் தீர்ப்புச் சொல்ல...

என்ன? யார் அது எழுந்து நிற்பது? வேலாயி அம்மாவா? சொல்லுங்கள் அம்மா. அமைதி, அமைதி. அவர் குரல் பின்னால் கேட்காது. அவர் சொல்லச் சொல்ல நான் இங்கே சொல்லுகிறேன்.

"போடுங்க சார்" என்கிறார். "அவ ஏறிப் போனா போகட்டும்" என்கிறார். ம், சொல்லுங்கள் அம்மா. "நான் நின்னதுக்கு எனக்கு ஒரு நியாயம் இருந்துச்சு. போனவளுக்கும் ஒரு நியாயம் இருக்கும்ல? எந் தங்கச்சி ஏறிப் போனா. அவ அங்க என்னா நெனச்சுக்கிட்டுப் போனான்னு நான் இன்னும் கேட்டதில்ல. இந்தப் பொண்ணு போறதயாச்சும் பாக்குறேன்" என்கிறார்.

மன்னியுங்கள். கண்ணாடியைத் துடைத்துக்கொள்கிறேன்.

ஒரு வாரம் எழுதியும் எனக்கு வராத விடை இது. இதற்கு மேல் நான் சேர்க்க ஒன்றும் இல்லை, சேர்த்தால் கெட்டுவிடும். விஜயா, நாடாவைப் போடு. வேலாயி அம்மாவுக்கு முன்னால் இடம் விடுங்கள்.

தலைவருக்கும், தாய்மார்களுக்கும், தடுமாறிய என் பேச்சைத் தாங்கிக்கொண்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி. கப்பலில் ஏறிப் போனவர்களுக்கு வணக்கம். கரையில் நின்றவர்களுக்கும் வணக்கம்.