பன்னிரண்டு புள்ளி மூணு

நேசராணி: ...என்ஜின் ஓடுதா, நிக்குதா? அத மொதல்ல சொல்லு.

றொமேஷ்: ஓடுதுக்கா. மீட்டர் பன்னிரண்டு புள்ளி மூணு காட்டுது. ரேஸ் குடுத்தாலும் ஏறல.

நேசராணி: அப்ப பேட்டரிக்கு சார்ஜே போகல. ரெகுலேட்டர் புதுசு தானே?

றொமேஷ்: நேத்து நாந்தான் மாட்டுனேன். விடிய இந்த மீன்புடி போட்டு கடலுக்குப் போவணும். போகலன்னா முதலாளி என்னையப் பொத்துவில்ல இருந்து பசறைக்கே பஸ் ஏத்திருவாரு.

நேசராணி: வந்து பழையபடி என் கராஜக் கூட்டு.

றொமேஷ்: ஒன்னையவும் இங்க வேலைக்கு எடுக்க மாட்டாரு. தோட்டத்து லொறி பாக்குறவளுக்குப் போட்டப் பத்தி என்னா தெரியும்னு கேட்டவரு தானே.

நேசராணி: நல்ல மனுசன் தான். நம்ம வேலைய இன்னும் பாக்கல, அவ்வளவு தான். ஸ்குரூ டிரைவர எடு தம்பி. ஆல்டனேட்டர் பின்பக்கம், பேரிங் கிட்ட கொண்டு போ. சுத்துறதுல பட்டுராம... இழுக்குதா?

றொமேஷ்: என்னாக்கா, இன்னைக்குத் தம்பிங்கிற... இழுக்கல.

நேசராணி: காந்தம் இல்ல. அப்ப ரெகுலேட்டர் வேலையே செய்யல. என்ஜின நிப்பாட்டு. அதோட எர்த்து ஒயர எங்க அடிச்ச?

றொமேஷ்: பாடில தான். தேயிலக் கொழுந்து லொறிக்கு அடிக்கிற மாதிரியே. சுரண்டி, வாஷர் போட்டு, நல்லா இறுக்கி...

நேசராணி: போட்டு பாடி எதுல செஞ்சது?

றொமேஷ்: பைபர்ல...

நேசராணி: ம்.

றொமேஷ்: ...ஐயோ.

நேசராணி: லொறி பாடி இரும்பு. எங்க அடிச்சாலும் கரண்ட் திரும்பி வரும். பைபர்ல எப்படி வரும்? கழட்டி என்ஜின் பிளாக்குல அடி.

றொமேஷ்: இரு... இறுக்கிட்டேன். ஸ்டார்ட் பண்றேன்... பதினாலு. பதினாலு புள்ளி ரெண்டு, அக்கா.

நேசராணி: ரேஸ் குடு. மேல ஓடுதா?

றொமேஷ்: இல்ல... அங்கயே நிக்குது.

நேசராணி: ரெகுலேட்டர் புடிச்சிருச்சு. பேட்டரியும் கொதிக்காது. தைரியமாக் கடலுக்குப் போகச் சொல்லு.

றொமேஷ்: அக்கா... ஒன்னு சொன்னா ஏசக்கூடாது. மொதல்ல இருந்தே போன் ஸ்பீக்கர்ல தான் கெடக்கு. முதலாளி பக்கத்துல நிக்கிறாரு. நீ எப்ப வருவன்னு கேக்குறாரு.

நேசராணி: தெரியும். ஒனக்கு முன்னுக்கே அவரு மீட்டர் நம்பர முணுமுணுக்கிறது கேட்டுச்சு. இல்லாட்டி பைபர்ல எர்த்து அடிச்சவன எருமன்னு ஏசாம தம்பின்னா கூப்புடுவேன்? காலைல பொத்துவில் பஸ்ல வாறேன்னு சொல்லு. பை கட்டி மூணு நாளாச்சு.