கேம் ஜோடிக்குக் குலதெய்வம் எதற்கு?

திண்டுக்கல்லிலிருந்து கொடைரோடு போகும் பஸ்ஸில், எனக்கு முன்னால் மூன்று பேர் சீட்டில் ஓர் இளைஞனும் ஒரு பெண்ணும் லேப்டாப்போடு நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள்.

“குலதெய்வம் என்னன்னு கேக்காம நம்ம சைட்டத் தெறக்கவே கூடாது” என்றான் அவன்.

“கேம் விளையாடுறவுங்க ஜோடி தேடுற சைட்டுடா. பேரு, போட்டோ எதுவும் வேணாம், கேம் மட்டும் போதும்னு சொன்னதே நீதான!”

“அத டெஸ்ட் பண்ணத்தான் நானும் சேந்தேன். ஒருத்தி அம்புட்டுப் பொருத்தமா வந்தா. மூணு வாரம் சேந்து விளையாண்டோம். எப்படித்தான் ஜோடி சேத்துருக்குன்னு பாக்க, நேத்து சின்னாளபட்டி ஜூஸ் கடைக்கு வரச் சொன்னேன்.”

“வந்தாளா?”

“வந்தா. எங்க பெரியப்பா மக.”

“அய்யய்யோ! தங்கச்சியாடா?”

“என்னயப் பாத்ததும் அழுதுட்டா. வீட்ல சொல்லிராதண்ணேன்னா. அதான் காலையில மொத வேலையா அந்தக் கேள்வியச் சேத்துட்டேன். ஒரே குலதெய்வம்னா பங்காளி, ஜோடி சேக்காது. என்னோடதப் போட்டுட்டேன், உன்னோடத அடிச்சுப் பாரு.”

அவள் சிரித்துக்கொண்டே தட்டினாள். திரை சிவந்தது: ‘பங்காளி முறை. ஜோடி சேராது.’

அவள் மறுபடி தட்டினாள். மறுபடியும் சிவந்தது.

“நாலு வருசமாப் பழகுறோம். ஒரு நாளாவது கேட்டியாடா?”

“எங்கம்மா கேக்குற மொதக் கேள்வியே இதான்.”

“வைகாசில வீட்ல பேசுறேன்னியே?”

அவன் லேப்டாப்பை மூடினான். காந்திகிராமத்தில் கூடையோடு ஏறிய ஒரு பெண், “செத்தத் தள்ளி உக்காருங்கப்பு” என்றார். இருவரும் ஆளுக்கொரு பக்கம் நகர்ந்து, நடுவில் இடம் விட்டார்கள்.