ஷீபாவின் இரண்டாம் பேட்டி

தூறல் விழுந்தால் மேடையில் முதலில் கீபோர்டைத்தான் மூடுவார்கள். அப்புறம் ஆம்ப்ளிஃபயர், அப்புறம் ஸ்பீக்கர். பாடுகிறவர்கள் தாங்களாகவே எங்கேயாவது ஒதுங்கிக்கொள்ள வேண்டியதுதான். கம்பத்துக் கோடை விழாவுக்கு வருடா வருடம் போகிறவன் நான். மழை இல்லாமல் அந்த விழா நடந்து பார்த்ததில்லை.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், சார். சொல்கிறேன். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

என் பெயர் வைகுண்டராஜ். வீடு பழனிசெட்டிபட்டியில். தேனி பஜாரில் அப்பாவுக்குப் பாத்திரக்கடை இருந்தது, இப்போது தம்பி பார்த்துக்கொள்கிறான். எனக்கு வியாபாரம் வரவில்லை. தேனியில் ஒரு கேபிள் சேனலில் சேர்ந்தேன். திருவிழாக்களுக்குப் போய் மெல்லிசைக் கச்சேரிகளைப் பதிவுசெய்வதும், பாடுகிறவர்களையும் வாசிக்கிறவர்களையும் பேட்டி எடுப்பதும் என் வேலை. செல்வமணி கேமரா பிடிப்பான். மைக் என் கையில் இருக்கும்.

ஆரம்பத்தில் என் பேட்டிகளை யாரும் பார்க்கவில்லை. எந்த ஊர், யாரிடம் கற்றுக்கொண்டீர்கள், யார் பாட்டு பிடிக்கும் என்று கேட்பேன். எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். முதலாளி கர்ணன் ஒருநாள் டிவியைப் பார்த்தபடியே சொன்னார்: "ஏலே வைகுண்டம், பேட்டி வரும்போதுதான் பொம்பளையாள்க எல்லாம் அடுப்பப் பாக்க எந்திரிச்சுப் போறாக." அதில் கோபம் இல்லை. உண்மையைச் சொன்னார். எனக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

இரண்டாயிரத்து மூன்றாம் வருடக் கோடை விழாவில்தான் ஷீபாவை முதலில் பேட்டி எடுத்தேன். போடிக்காரி. சர்ச்சில் பாடிப் பழகியவள். உத்தமபாளையம் உமர் பாருக் நடத்துகிற இன்னிசைக் குழுவில் அவள் பாடகி, அவள் புருஷன் விஜய்ராஜ் கிதார். நான் வழக்கம்போல, "மறக்க முடியாத கச்சேரி எது?" என்று கேட்டேன். அவள் சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று.

"சின்னமனூர்ல ஒரு கல்யாணக் கச்சேரி, அண்ணே. பாப்பாவுக்குக் காய்ச்சல். சரியாயிரும்னு அம்மாட்ட விட்டுட்டு வந்து பாடிக்கிட்டு இருந்தேன். பாடிக்கிட்டே இருந்தேன், அண்ணே. பாப்பா போயிருச்சு."

அவ்வளவுதான் சொன்னாள். செல்வமணி கேமராவை இறக்கப் போனான். நான் அவன் முழங்கையைப் பிடித்து நிறுத்தினேன். அவள் அழுது முடியும்வரை பதிவு ஓடியது.

அதை ஒளிபரப்பிய மறுநாள் சேனல் தொலைபேசி ஓயவில்லை. மேகமலை எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து ஒரு பெண் பேசினாள். அவளுக்கும் ஒரு குழந்தை தவறியிருந்ததாம். மறுபடி எப்போது போடுவீர்கள் என்று கேட்டாள். அந்தப் பேட்டிக்குப் பிறகு ஷீபாவைப் பார்க்கவே கூட்டம் கூடியது. அவளே என்னிடம் சொன்னாள்: "ஊருக்கு ஊரு கூப்பிடுறாக, அண்ணே. எல்லாம் உங்களாலதான்."

நான் யாருக்கும் கெடுதல் நினைத்தவன் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். மேடையில் நிற்கிறவர்களை ஊர் பாட்டுப்பெட்டி மாதிரிதான் பார்க்கிறது. அவர்களுக்கும் ஒரு முகம் உண்டு என்று காட்டியது நான்.

அடுத்த வருடம் உமர் பாருக்.

அவரே கீபோர்டு வாசிப்பார். மேடை ஏறும்போது தன் செல்போனை என்னிடம் கொடுத்தார். "கச்சேரி முடிஞ்சதும் பேட்டிக்கு இங்கனதான இருப்பீக? வச்சிருங்க. பையில இருந்தா வாசிக்கும்போது உறுத்துது." மூன்றாவது பாட்டோ நான்காவதோ போய்க்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அவர் மனைவி நசீம்.

"அண்ணே, அவுகள உடனே அனுப்பி வைங்க. மாமிக்கு மூச்சு வாங்குது. மகன் பேரச் சொல்லியே கூப்பிட்டுக்கிட்டு இருக்காக."

உத்தமபாளையம் ஒன்றும் தூரமில்லை. பைக்கில் போனால் இரண்டு பாட்டு முடிவதற்குள் வீட்டுக்குப் போய்விடலாம். நான் மேடையைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தார். கூட்டம் அசையாமல் உட்கார்ந்திருந்தது. இப்போது சொன்னால் அவர் இறங்கி ஓடுவார். ஓடுகிற முதுகைத்தான் செல்வமணியால் எடுக்க முடியும். அப்படித்தான் யோசித்தேன். கொஞ்ச நேரம்தான் யோசித்தேன்.

நசீம் மறுபடி பேசினாள். "சொன்னேம்மா," என்றேன். "கச்சேரிய முடிச்சிட்டு வர்றேன்னு சொல்லிட்டாக." அவள் போனை வைத்துவிட்டாள்.

கடைசியாக அவள் பேசியபோது அழவில்லை. "மாமி மவுத்தாயிட்டாக. அவுககிட்டச் சொல்லிருங்க," என்றாள்.

கச்சேரி முடிந்து உமர் பாருக் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தார். நாற்காலி போட்டு, விளக்கைச் சரிசெய்து வைத்திருந்தேன். "உங்க அம்மாவப் பத்திச் சொல்லுங்க," என்றேன். அவருக்குச் சந்தோஷம். அம்மா கச்சேரிக்கு வந்ததே இல்லையாம். பாட்டுத் தொழில் அவருக்குப் பிடிக்காதாம். ஆனால் வீட்டில் பழகும்போது அடுத்த அறையிலிருந்து, "இன்னிக்கு ஏன்டா அந்த எடத்துல தடுக்குது?" என்று கேட்பாராம். அந்த இடம் சரியாகத் தப்பு நடந்த இடமாகவே இருக்குமாம். சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் நான் விஷயத்தைச் சொல்லி, போனை அவர் கையில் வைத்தேன்.

செல்வமணிக்கு அதுவரை தெரியாது. அவனுக்குக் கை நடுங்கியதால் படமும் கொஞ்சம் நடுங்கியது. அது நன்றாகவே இருந்தது.

அந்த அம்மாவுக்காக ஓதிய மூன்றாம் நாள் ஃபாத்திஹாவுக்குப் போனேன். உமர் பாருக் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "நல்ல வேளை நீங்க பக்கத்துல இருந்தீக. வேற யாரும் சொல்லியிருந்தா அங்கனயே விழுந்திருப்பேன்." நசீம் வாசற்படியில் நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷனைப் பார்க்கிற பார்வையாக அது இல்லை. கொஞ்ச நாளில் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். ஏன் என்று புரியவில்லை, கேட்டாலும் பதில் சொல்வதில்லை என்று அவர் வருத்தப்பட்டார். ஆறுதல் சொன்னேன். அந்த உண்மையை நீங்கள் இப்போது அவர்களிடம் சொல்லிவிடலாம், சார். எனக்கு ஆட்சேபம் இல்லை.

இனி இந்த வருடத்துக்கு வருகிறேன்.

விழாவுக்கு ஒரு வாரம் முன்பே கர்ணன் விளம்பரத் தட்டியில், "வைகுண்டராஜின் நெஞ்சைத் தொடும் பேட்டிகள்" என்று போட்டுவிட்டார். கம்பம், கூடலூர், சின்னமனூர் எங்கும் தட்டி. நான்கு நாள் நான்கு குழுக்களைப் பேட்டி எடுத்தேன். ஒன்றிலும் ஒன்றும் இல்லை. ஒருத்தர் தன் புதுப் பைக்கைப் பற்றிப் பேசினார்.

ஐந்தாம் நாள் உமர் பாருக் குழு. மூன்று மணிக்கே மேடைக்குப் பக்கத்தில் ஷீபாவை உட்கார வைத்தேன். அவள் ஆளே மாறியிருந்தாள். சென்னையில் ஒரு பக்திப்பாட்டுக் கேசட்டுக்குப் பாடக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றாள். வீட்டுக்கு மாடி எடுக்கிறார்கள் என்றாள். எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் மெதுவாகக் குழந்தையைப் பற்றி ஆரம்பித்தேன்.

"அது மட்டும் வேணாம், அண்ணே," என்றாள். "ஒருக்கச் சொல்லியாச்சு. பாப்பா நெனப்பு எங்க ரெண்டு பேருக்குள்ளயே இருந்துட்டுப் போகட்டும்."

மரியாதையாகத்தான் சொன்னாள். எனக்குக் கோபம் வரவில்லை. அவளை ஊருக்குக் காட்டியவனுக்கே கதவு சாத்தப்பட்டது போல ஓர் உணர்வு வந்தது. அவ்வளவுதான்.

பிறகு மழை பெய்தது. கீபோர்டை மூடினார்கள். அரை மணி நேரத்தில் மழை விட்டது. மேடைச் சணல் விரிப்பு ஊறிப்போயிருந்தது. சவுண்டு சர்வீஸ் ஆட்கள் ஸ்பீக்கர் மேல் கிடந்த தார்ப்பாயை இழுத்துக்கொண்டிருந்தார்கள். நான் படத்துக்கு இடைஞ்சலாக நின்ற மைக் ஸ்டாண்டை நகர்த்தலாம் என்று கை வைத்தேன்.

தோள்வரை ஏறி இழுத்தது. கையை உதறிப் பின்னால் விழுந்தேன். காலில் ரப்பர் செருப்பு. அதனால் பிழைத்தேன். எங்கேயோ ஒயர் நனைந்து ஸ்டாண்டுக்குக் கரண்ட் வந்திருந்தது. சவுண்டு சர்வீஸ்காரர் கூப்பிடு தூரத்தில் நின்றார். கூப்பிட வாய் திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். செல்வமணி கீழேயிருந்து, "என்னண்ணே?" என்றான். "வழுக்கிருச்சு," என்றேன்.

அப்புறம் அவனிடம் கேமராவை இடப்பக்கம் கொண்டுவரச் சொன்னேன். அங்கிருந்து பாடுகிறவளின் முகமும், அவளுக்குப் பின்னால் கிதாரோடு நிற்கிற புருஷனின் முகமும் ஒன்றாகத் தெரியும்.

கச்சேரி தொடங்கும் நேரம். ஷீபா படியேற வந்தாள். புதுச் செருப்பு, அடி தடித்தது. நேற்று உங்களிடம், அவளாகத்தான் கழற்றினாள் என்று சொன்னேன். அது சரியில்லை. "செருப்பக் கழட்டிட்டுப் போம்மா," என்று நான்தான் சொன்னேன். "சாமி கும்பிட்டு ஆரம்பிக்கிற மேடை. சனம் ஒரு மாதிரி பேசும்." அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "நான் அத யோசிக்கவேயில்ல பாருங்க, அண்ணே. இங்கன கிடக்கட்டும், பாத்துக்கங்க." என் காலடியில் கழற்றி வைத்துவிட்டு ஈர விரிப்பின் மேல் நடந்து போனாள்.

எல்லாருக்கும் வணக்கம் சொன்னாள். சொல்லிவிட்டு ஸ்டாண்டைப் பிடித்தாள்.

பாடுகிறாள் என்றே கூட்டம் நினைத்தது. சிலர் கை தட்டினார்கள். விஜய்ராஜ்தான் முதலில் புரிந்துகொண்டார். கிதாரை வீசிவிட்டு ஓடிவந்து அவளைப் பிடித்தார். அவரையும் தூக்கி எறிந்தது. உமர் பாருக், "லைனக் கட் பண்ணுங்கடா, லைனக் கட் பண்ணுங்க!" என்று கத்தினார். ஜெனரேட்டர் மைதானத்தின் மறுகோடியில் இருந்தது. அதற்குரிய ஆள் டீ குடிக்கப் போயிருந்தான். யாரோ ஓடிப்போய் நிறுத்தினார்கள்.

ஆஸ்பத்திரிக்கு நாங்களும் பின்னாலேயே போனோம். உள்ளே கொண்டுபோனதும் உயிர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். விஜய்ராஜ் வராந்தாவில் கையில் துணி சுற்றி உட்கார்ந்திருந்தார். நான் அவர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மைக்கை நீட்டினேன். "இந்த நேரத்துல உங்க மனசுல என்ன ஓடுது?" என்று கேட்டேன்.

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். அடையாளம் தெரிய நேரமாயிற்று போல.

"அவ தினமும் ஜெபம் பண்ணும்போது உங்க பேரையும் சேத்துத்தான் சொல்லுவா, அண்ணே," என்றார்.

வராந்தாவில் சத்தம் அதிகம் இல்லாததால் குரல் தெளிவாக விழுந்தது. மறுபடி கேட்க வேண்டியிருக்கவில்லை.

வேனில் திரும்பும்போது வீரபாண்டி தாண்டியதும் செல்வமணி வண்டியை நிறுத்தச் சொன்னான்.

"அண்ணே, சாயங்காலம் அந்த ஸ்டாண்டத் தொட்டுட்டுத்தான் கைய ஒதறுனீக. நான் பாத்தேன்."

"வழுக்கிருச்சுன்னு சொன்னேன்ல."

"வழுக்குனா யாரும் கைய அப்படி ஒதற மாட்டாக." கேமராவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். "அந்தப் புள்ளயச் செருப்பக் கழட்டச் சொன்னதும் எங் காதுல விழுந்துச்சு. என்னமோ நல்லதுக்குச் சொல்றீகன்னு நெனச்சேன்."

இறங்கி நடந்தே உங்கள் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறான். அவன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. நல்ல கேமராமேன். கடைசிவரை அவள் முகம் ஃபிரேமை விட்டு வெளியே போகவில்லை.

லேசாக ஷாக் அடிக்கும், பயந்து அழுவாள், அந்த அழுகையோடு பேட்டி எடுக்கலாம் என்றுதான் நினைத்தேன் என நேற்று எழுதிக் கொடுத்தேன். அதை நம்புவதா வேண்டாமா என்று நீங்கள் யோசிப்பது தெரிகிறது. நானும் ராத்திரி முழுக்க லாக்கப்பில் அதைத்தான் யோசித்தேன். என்னைத் தூக்கிப்போட்ட கரண்ட் வெறுங்காலோடு ஈரத்தில் நிற்கிறவளை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும், சார். தெரிந்துதான் சொன்னேன்.

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஆமாம், மேடைக்குத் தனியாக மெயின் சுவிட்ச் இருந்தது. இடப்பக்க மூங்கிலில் பலகை அடித்து மாட்டியிருந்தார்கள். நான் நின்ற இடமும் அதுதான். கையை நீட்டினால் எட்டும். அவள் ஸ்டாண்டோடு ஒட்டிக்கொண்டிருந்த நேரம் முழுக்க அது என் தோளுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. உமர் பாருக் கத்தியதும் காதில் விழுந்தது. என் வலது கையில் மைக். இடது கை சும்மாதான் இருந்தது. அந்தக் கையால் செல்வமணியின் தோளைப் பிடித்து, இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போகச் சொன்னேன்.

அவளை யாரும் மறந்துவிடக் கூடாதே என்றுதான், சார்.