திங்கக்கிழமை என்ன சொல்லணும்

— கதவைச் சாத்து ஐலா! சூடெல்லாம் வெளிய போகுது. சனிக்கிழமை சவுனாவுல ஆவி பிடிச்சு வேர்க்க உக்காந்தா, பல்லு கிட்டுது எனக்கு!

— ஒரு விரக்கடைதானே திறந்திருக்கு. நீ உள்ள விழுந்தா எனக்குத் தெரிய வேணாமா, எஸ்கோ?

— கட்டின பொண்டாட்டி கோட்டு மாட்டிக்கிட்டு வாசல்ல காவல்! ஒரே ஒரு வலிப்பு, கடையில காபிப் பொட்டலம் எடுக்கையில. அதுக்கு ஆறு வாரமா ஜெயிலு.

— தனியா சவுனா வேணாம், ஏரியில இறங்க வேணாம், ஏணி ஏற வேணாம்னு சொன்னது டாக்டர். என்கிட்ட ஏன் கத்தறே?

— அந்த மனுஷன் பத்து நிமிஷம்கூடப் பாக்கல! 'வண்டி ஓட்டாதே'ன்னு ஒரு காகிதத்தை நீட்டிட்டான். நரம்பு டாக்டருக்காக போன் பண்ணினா, 'நாங்களே திரும்பக் கூப்பிடுறோம்'. கக்கூஸுக்குக்கூட போனைத் தூக்கிட்டுப் போனேன், ஒருத்தரும் கூப்பிடல.

— அதான் கடைசியில திங்கக்கிழமை வரச் சொல்லிட்டாங்கல்ல.

— இந்த ஆறு வாரமா என் பொழைப்பு? ஊருக்கு ரெண்டே பஸ். குழாய் ரிப்பேர்க்காரன் நான், கருவிப் பெட்டியோட பஸ்ல போறதா? மூணு வீட்டுக்காரங்க வேற ஆளைப் பிடிச்சுட்டாங்க. ஒருத்தனாவது 'எப்படியிருக்கே'ன்னு கேட்டானா? என்னைக் கண்டா ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போறாங்க.

— அவங்களுக்குச் சங்கடம். நம்ம ஊர்ல யாரு வாயைத் திறந்து கேட்டிருக்காங்க?

— சரி விடு. திங்கக்கிழமை கூட இருக்கறவங்களையும் கேப்பாங்களாம், நீயும் டாக்டர் ரூமுக்குள்ள வா. 'இதுதான் முதல் தடவை'ன்னு சொல்லிடு, போதும். ஒரே தடவைன்னா சீக்கிரம் ஓட்ட விடுவாங்க. இல்லன்னா எத்தனை மாசம் இழுப்பாங்களோ.

— சொல்ல மாட்டேன்.

— என்னது?

— பிப்ரவரியில, தூக்கத்துல உனக்கு வந்துச்சு எஸ்கோ. கட்டிலே ஆடிச்சு. நான்தான் வாயைத் துடைச்சு விட்டேன். காலையில 'நாக்கு வலிக்குது'ன்னே. நான் காபியை ஊத்திக் கொடுத்துட்டு கம்முனு இருந்துட்டேன்.

— ஏன்டீ சொல்லல?

— சொன்னா உன் வேலை போயிடுமேன்னு பயம். நீயும் ஒண்ணும் கேக்கல. பாவி நான், அன்னிக்கே உன்னை இழுத்துக்கிட்டுப் போயிருக்கணும். திட்டு, என்ன வேணா திட்டு. எஸ்கோ!

— அப்ப மே மாசம்... கடையில விழறதுக்கு முன்னாடி, வேன் ஓட்டிக்கிட்டிருக்கும்போது எனக்கு வந்துச்சே, உன்கிட்டகூட மறைச்சேனே, அது முதல் தடவை இல்லையா?