நாற்பத்தெட்டு மணிநேரம்

சுங்குவார்சத்திரத்தில் பஸ் ஏறினேன். முன் சீட்டில் கம்பெனி யூனிபாரத்தோடு ஒரு அம்மா, பக்கத்தில் மகள். மகள் வெளிநாட்டு மருத்துவக் கல்லூரிக்குப் போனில் விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தாள். சம்பளமில்லாமல் எத்தனை மணிநேரம் சேவை செய்தாய் என்று அதில் கேட்டிருந்தது.

"கண் கேம்ப்ல சாப்ட்ட நேரத்த கழிச்சிட்டேம்மா. நாப்பத்திரண்டு வருது."

"எங்க கம்பெனியே அத கழிக்கிறதில்ல. நீ ஏண்டி கழிக்கிற? நூறுன்னு போடு."

"கேம்ப் சிஸ்டருக்குப் போன் பண்ணி கேப்பாங்க. பொய்னு தெரிஞ்சா சீட்டே போச்சு."

அம்மா போனை எட்டிப் பார்த்தாள்.

"மழ பேஞ்ச அன்னிக்கு பேஷண்டே வரலன்னியே. அத சேத்தியா?"

"இல்லம்மா. சும்மா குந்திக்கினு தானே இருந்தோம்."

"கம்பெனில மிஷின் லைன் நின்னா நாங்களும் சும்மாதான் குந்திக்கினு கீறோம். அது டூட்டி இல்லியா? எவ்ளோ நேரம்?"

"ஆறு மணிநேரம். சிஸ்டரும் கூடவே இருந்தாங்க."

"அப்புறம் இன்னா? போடு."

மகள் சிரித்துக்கொண்டே நாற்பத்தெட்டு என்று திருத்தினாள்.

"அனுப்பட்டாம்மா?"

"அனுப்பு. எவனாச்சும் கேட்டா போன என்கிட்ட குடு. அன்னிக்கு மழயில கொட எடுத்துக்கினு வந்து உன்ன கூட்டிக்கினு போனதே நான்தான்."