புகார் அக்காவுக்கு மெமோ கொடுத்தவன் பேசுகிறேன்

புகார் அக்காவின் நினைவுக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் இன்றைய செயற்பொறியாளர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் ஊழியர் சங்கத் தோழர்களே, முன்வரிசையில் இருக்கும் அக்காவின் கணவர் தச்சர் ஐயா அவர்களே, தாயைப் பறிகொடுத்த நிலையிலும் நமக்கெல்லாம் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கும் செவிலியராகப் பணிபுரியும் மகளே, காலை யோகா வகுப்பை முடித்துச் சுருட்டிய பாயோடு நேராக இங்கே வந்திருக்கும் பெருமக்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். முப்பது ஆண்டுகளுக்கு முன்னால் இந்தக் குடிநீர் வழங்கல் அலுவலகத்தில் செயற்பொறியாளராக இருந்தவன் நான். பணி நேரத்தில் தூங்கினார் என்று புகார் அக்காவுக்கு மெமோ கொடுத்த புண்ணியவான் நான்தான்! சிரிக்கலாம், தவறில்லை. "என் கூட்டத்துல யாரும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு உட்காரக் கூடாது" என்று அவரே சொல்லி வைத்திருந்தாராம்.

புகார் அக்கா என்றால் யார்? இந்த ஊரில் குழாயில் தண்ணீர் வராத ஒவ்வொரு வீடும் அறிந்த குரல் அது. தரைத்தளத்தில், படிக்கட்டுக்கு அடியில், ஜன்னல் இல்லாத அறையில் இரண்டு தொலைபேசிகளோடு இருபத்தைந்து ஆண்டுகள் உட்கார்ந்தவர். அழைப்பவர் யாரும் நலம் விசாரிக்க அழைப்பதில்லை. எடுத்த எடுப்பிலேயே திட்டுதான். அவரோ குரலை உயர்த்தவே மாட்டார். "சொல்லுங்க, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்பார். அந்தப் பொறுமைக்கு அவருடைய உடம்பு கொடுத்த விலை யாருக்குத் தெரியும்? தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கி இடுக்கிக் கழுத்து திரும்பாது. வயிறு எரியும். நாற்பத்தொரு வயதில் ரத்தக் கொதிப்பு. மேஜை இழுப்பறையைத் திறந்தால் பேனா ஒன்று, மாத்திரை அட்டை ஒன்பது!

அலுவலகத்தில் விழுங்கிய கோபமெல்லாம் வீட்டில் வெடித்தது. ஒருநாள் பள்ளிக்கூடப் பையை வழியில் போட்டதற்காக மகளைப் பிடி பிடி என்று பிடித்திருக்கிறார். அப்போது ஒன்பது வயது மகளுக்கு. அந்தக் குழந்தை கேட்டது: "அம்மா, ஃபோன்ல பேசறவங்களுக்குக் கொடுக்கிற குரல எங்களுக்கும் கொஞ்சம் கொடேன்."

அவையோரே, அந்த ஒரு வார்த்தைதான் அவரைத் தூக்கி நிறுத்தியது. மறுநாளே விடுப்புப் போட்டுவிட்டு ஓர் ஆயுர்வேத மருத்துவர் அம்மாவிடம் போனார். அங்கே நடந்ததை அவர் நடித்தே காட்டுவார்.

"மதியம் எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க?"

"ஃபோன் கால் நின்னதும் சாப்பிடுவேன்."

"கால் எப்ப நிக்கும்?"

"நிக்காது டாக்டர்."

"அப்ப நீங்க எப்பத்தான் சாப்பிடுவீங்க?"

பதினெட்டு வருடப் பணியில் அந்தக் கேள்வியைத் தன்னிடம் யாருமே கேட்டதில்லை என்றார் அக்கா. மேலதிகாரியான நானும் கேட்கவில்லை. அந்த மருத்துவர் மூட்டை மூட்டையாக மருந்து கொடுக்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னார், வெந்நீர் குடிக்கச் சொன்னார், உச்சந்தலைக்கும் உள்ளங்காலுக்கும் எண்ணெய் தேய்க்கச் சொன்னார், யோகா வகுப்பில் சேரச் சொன்னார். "கொதிப்பு மாத்திரைய மட்டும் கொடுத்த டாக்டரைக் கேக்காம நிறுத்திடாதீங்க" என்று எச்சரித்தும் அனுப்பினார். அக்கா கடைசி வரைக்கும் அதைக் காப்பாற்றினார். அந்த வருடம் எங்கள் அலுவலகத்தில் எண்ணெய்க் கறை படியாத கோப்பு ஒன்றுகூட இல்லை என்பதையும் பதிவு செய்கிறேன்!

யோகா எடுத்த எடுப்பில் வந்துவிட்டதா? எங்கே! ஒற்றைக் காலில் மரம் போல நிற்கச் சொன்ன முதல் நாளே பக்கத்தில் நின்ற தையற்காரம்மாள் மேல் சாய்ந்து, அவர் அடுத்தவர் மேல் சாய்ந்து, ஒரு தோப்பே விழுந்ததாம். இருந்தும் விடவில்லை. எட்டு மாதம் கழித்து ஒருநாள் பின்னாலிருந்து நான் கூப்பிட்டேன். எப்போதும் நாற்காலியோடு சேர்ந்து திரும்புகிறவர், அன்று கழுத்தை மட்டும் திருப்பி, "என்ன சார்?" என்றார். பார்த்தேன். ஆனால் கவனித்தேனா? இல்லை.

மெமோ கதைக்கு வருகிறேன். மதிய உணவு இடைவேளை. அலுவலக உதவியாளர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "சார், புகார் அக்கா போயிட்டாங்க சார்! பதிவறையில கிடக்கிறாங்க!" இரண்டு மாடி இறங்கி ஓடினேன். அலமாரிகளுக்கு நடுவே, செய்தித்தாள் விரித்து, கைகால் பரப்பி, கண் மூடி மல்லாந்து கிடக்கிறார். நான் வாய்விட்டே அழுதுவிட்டேன். ஆம்புலன்சுக்குச் சொல்லுங்கள் என்று கத்தினேன். அந்தச் சத்தத்தில் அவர் ஒரு கண்ணைத் திறந்து, "சவாசனம் சார். இன்னும் நாலு நிமிஷம் இருக்கு" என்றார்!

எனக்கு வந்தது நிம்மதியா? இல்லை, கோபம். பத்துப் பேர் முன்னால் அழுத அவமானம். அந்தக் கொதிப்பில்தான் இடைவேளை என்பதையும் மறந்து, பணி நேரத்தில் தூங்கியதாக எழுதினேன். கண்காணிப்பாளர் பதவி உயர்வு அவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. என் ஒரு தாளால் அது நின்றது. அவர் தந்த விளக்கம் இன்னும் மனப்பாடம்: "நான் தூங்கவில்லை. படுத்திருந்தேன். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு படுத்துப் பார்த்தால்தான் தெரியும்."

விசாரணைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். பெயர் பெற்ற சிடுமூஞ்சி. "எப்படிப் படுத்தீங்க? காட்டுங்க" என்றார். அக்கா அசரவில்லை. "நான் படுத்தா உங்களுக்கு என்ன சார் தெரியும்? நீங்க படுங்க." அதிகாரி என்ன நினைத்தாரோ, கூட்ட அறைக் கம்பளத்தில் படுத்தேவிட்டார். காலைத் தளர்த்துங்கள், தோளைத் தளர்த்துங்கள் என்று அக்கா மெல்லிய குரலில் சொல்லச் சொல்ல, ஐந்தாவது நிமிடத்தில் ஒரு குறட்டை கிளம்பியது பாருங்கள், ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது! அக்கா எங்களைப் பார்த்து அமைதியாகச் சொன்னார்: "இதுக்குப் பேருதான் தூக்கம். நான் செஞ்சது இது இல்ல."

அந்த அதிகாரி நேர்மையானவர். அறிக்கையில் எழுதினார்: "ஊழியர் தூங்கவில்லை. தூக்கம் எது என்பதை விசாரணை அதிகாரி நேரில் அறிந்தார்." பதவி உயர்வும் வந்தது. கூடவே, காலை வேளையில் மூன்றாவது மாடிக் கூட்ட அறையில் வகுப்பு நடத்த அனுமதியும் வந்தது.

நான் மட்டும் இரண்டு வருடம் வீம்பாக இருந்தேன். இடுப்பு வலி தாங்க முடியாமல் ஒருநாள் ஏதோ கோப்புத் தேடுகிறவன் போல மேலே போனேன். "கோப்பு கீழ இருக்கு சார். பாய்தான் இங்க இருக்கு" என்று தனக்கு விரித்திருந்த பாயை எனக்கு நகர்த்திப் போட்டார். மெமோவைப் பற்றி ஒரு சொல்? கிடையாது. வாழ்நாள் முழுக்கக் கிடையாது! நானாக மன்னிப்புக் கேட்டபோதுகூட, "மூச்ச விடுங்க சார், பேசாதீங்க" என்றுதான் சொன்னார்.

வீடு என்ன ஆனது? தச்சர் ஐயாவே இப்போது சொன்னார்: "சண்டை போடறது நிக்கலீங்க. ஆனா சண்டை முடிஞ்சதும் அவ சிரிக்க ஆரம்பிச்சா. எனக்கு அது போதும்." இதைவிடப் பெரிய சான்றிதழ் வேண்டுமா?

வாசலில் ஒருவர் என்னிடம் கேட்டார்: "இவ்வளவு யோகா செஞ்சவங்க எழுபத்து மூணுல போயிட்டாங்களே?" நியாயமான கேள்வி. மருத்துவமனையில் மகளும் இதையேதான் அழுதுகொண்டே கேட்டிருக்கிறார். அக்கா சொன்ன பதில்: "சாகாம இருக்கவாடி செஞ்சேன்? இருக்கிற வரைக்கும் உங்கிட்ட நல்லா இருக்கத்தான் செஞ்சேன்."

நண்பர்களே, பத்து நாளுக்கு முன்னால் அக்காவிடமிருந்து எனக்குத் தொலைபேசி வந்தது. "சார், நீரேற்று நிலையத்துல நாள் முழுக்க நின்னே வேலை பாக்கிறவங்க பதினாறு பேரு. வர்ற திங்கள் இல்ல, அதுக்கு அடுத்த திங்கட்கிழமை வகுப்புன்னு சொல்லிட்டேன். என்னால முடியலன்னா நீங்க எடுக்கணும்."

"எனக்கே இன்னும் குனிஞ்சு காலத் தொட வரலையேம்மா!"

"அதுதான் சார் வேணும். வராதவங்க வந்து நின்னாத்தான் அவங்களுக்குத் தைரியம் வரும்."

இந்த அவையின் முன்னால் உறுதி சொல்கிறேன். வரும் திங்கள், காலை ஆறரை மணி, நீரேற்று நிலையத்து முற்றம். எழுபத்தாறு வயதில் நான் அங்கே நிற்பேன். குனிவேன். கை எட்டுகிற இடம் வரைக்கும் எட்டட்டும். நீங்களும் வாருங்கள். வணக்கம்.