கறுத்தக்குடைக் கந்தப்பர் பிறந்த வளவு

நூலகத்துக்குப் போகிற பழக்கத்தைக் கெட்ட பழக்கம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஓய்வுபெற்ற பிறகு, என் வீடு இருக்கும் ரொம்சோஸிலிருந்து கிழமைக்கு மூன்று நாள் நான் போய்வந்தேன், அவ்வளவுதான். நம் தமிழ்ச் சங்க நிர்வாகக் குழு கேட்டபடி நடந்ததை எழுதித் தருகிறேன்.

முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் ஒருவனைத் தூக்கிலிடும்போது, அவனுடைய வாழ்க்கைக் கதையை அச்சடித்துக் கூட்டத்துக்குள்ளேயே விற்பார்களாம். சனம் கண்ணீர் விட்டுக்கொண்டு வாங்குமாம். இந்தச் செய்தி எனக்கு மிகவும் பிடித்துப்போனது. நம் சங்க இதழில் "அக்காலத் திருடர்கள்" தொடரை அப்படித்தான் ஆரம்பித்தேன். இரண்டு வெள்ளைக்காரத் திருடர்களை எழுதினேன். ஒருவரும் வாசிக்கவில்லை. என் மனைவிகூட வாசிக்கவில்லை.

ஆகவே மூன்றாவதாக யாழ்ப்பாணத்துக் கறுத்தக்குடைக் கந்தப்பரை எழுதினேன். எங்கே போனாலும் அவர் கையில் ஒரு கறுத்தக் குடை இருக்கும்; கலியாண வீடுகளில் மட்டுமே திருடுவார். பந்தியில் இருந்து சாப்பிட்டு, பொம்பிளை மாப்பிள்ளையை வாழ்த்திவிட்டுத்தான் நகைப்பெட்டியை எடுப்பார். இதழ் வெளிவந்த அன்றே பதினான்கு பேர் தொலைபேசியில் அழைத்தார்கள். எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "அவர் எந்தப் பகுதி ஆள்?"

நம்மவர்களுக்குத் திருட்டு முக்கியமில்லை, திருடனின் சொந்தக்காரர் யார் என்பதே முக்கியம். பிறந்த இடம் இல்லாத சரித்திரம் சரித்திரமாகாது. அடுத்த இதழில் கந்தப்பரைக் கொன்றைக்கலட்டியில், நாவல் வளவில் பிறக்கவைத்தேன். அது நம் சங்கத் தலைவர் தர்மலிங்கத்தாரின் பரம்பரை வீடும் காணியும். ஒவ்வொரு கூட்டத்திலும் அவர் அதைப் பற்றிப் பேசுவதால் எனக்கு அந்தப் பெயர் பாடமாகியிருந்தது.

அந்த நேரத்தில் தர்மலிங்கத்தாரின் மகள் கஜேந்தினிக்கு ஸ்தவாங்கர் நகரில் கலியாணம் பேசி முடிந்திருந்தது. பையன் கீர்த்தனன், எண்ணெய்க் கம்பனியில் பொறியியலாளர், தாய் சொல்லைத் தட்டாத பிள்ளை. தாயார் நேசமணி விசாரிக்காமல் கத்தரிக்காய்கூட வாங்கமாட்டார். என்னிடம்தான் விசாரித்தார்.

"அண்ணை, நீங்கள் எழுதின கந்தப்பர் கஜேந்தினியின்ரை ஆக்களோ?"

நான் பொய் சொல்லவில்லை. சிறிது நேரம் பேசாமல் இருந்தேன். பிறகு, "பழைய கதையள் இப்ப என்னத்துக்குத் தங்கச்சி" என்று மட்டும் சொன்னேன்.

மறுகிழமை பையன் வீட்டார் கலியாண மண்டபப் பதிவை ரத்துச் செய்துவிட்டார்கள்.

கஜேந்தினி என் வீட்டுக்கு வந்தாள். சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். இங்கே பிறந்து பல்கலைக்கழகம் படித்த பிள்ளை, நேரடியாகக் கேட்டாள்: "அங்கிள், ஆதாரம் எங்கை?"

"ஆய்வு நடந்துகொண்டிருக்கு பிள்ளை."

"எங்கள் ரெண்டு பேருக்கும் விருப்பம், அங்கிள். அது கற்பனை எண்டு அவையளுக்கு ஒருக்காச் சொன்னாக் காணும்."

அவளுடைய கண்கள் அழுது வீங்கியிருந்தன. எனக்கும் கவலையாகத்தான் இருந்தது. தேத்தண்ணி குடிக்கச் சொன்னேன். குடிக்காமல் போய்விட்டாள்.

என் மகள் தர்மிகாவின் சாதகத்தை நேசமணிக்கு அனுப்பியதைச் சிலர் தவறாகப் பேசுகிறார்கள். கலியாணம் குழம்பும்வரை காத்திருந்து நான் அனுப்பவில்லை. நாவல் வளவைப் பற்றிய பகுதி அச்சுக்குப் போன அன்றே அனுப்பிவிட்டேன். தர்மிகாவிடம் இன்னும் சொல்லவில்லை. சந்தோசப்படுவாள்.

தவறு என்று ஒன்று நடந்திருந்தால் அது அதற்கடுத்த பகுதியில்தான். கந்தப்பருக்கு ஒரு மனைவி வேண்டும் என்று வாசகர்கள் கேட்டார்கள். அவளைப் புருசனைவிடக் கெட்டிக்காரியாக, பேரழகியாக எழுதினேன். இப்படியான ஒரு பொம்பிளை வேறு ஊருக்குப் போவதை என்னால் தாங்க முடியவில்லை. என் ஊரான ஆத்திவளவிலேயே, எங்கள் வீட்டிலேயே அவளைப் பிறக்கவைத்துவிட்டேன்.

நேசமணி மீண்டும் அழைத்து, கந்தப்பரின் மனைவி எங்கள் ஆக்களோ என்று கேட்டார். இந்த முறை நான் உடனடியாகப் பேசினேன். எல்லாம் என் கற்பனை, அப்படி ஒருத்தியும் இல்லை, ஒருத்தனும் இல்லை என்று சத்தியம் செய்தேன்.

"நீங்கள் ஆய்வாளர் எல்லோ அண்ணை," என்றார் அவர். "நீங்கள் பொய் எழுதுவியளே?"

எனவே இதை எழுத்தில், கையொப்பத்துடன் தருகிறேன். கந்தப்பர் என்று ஒருவர் இருந்ததேயில்லை. எங்கள் குசினி மேசையில் இருந்து நான் உண்டாக்கியவர். நாவல் வளவை மனமறிந்துதான் போட்டேன், என்ன நடக்கும் என்று தெரிந்துதான் போட்டேன். அடுத்த இதழில் இதை வெளியிடவும். பக்கம் போதாவிட்டால் தர்மலிங்கத்தாரின் வளவைப் பற்றிய வரிகளை வெட்டிக்கொள்ளலாம். கந்தப்பரின் மனைவி கற்பனை என்பதை மட்டும் பெரிய எழுத்தில் போடவும்.

— சச்சிதானந்தன்